குறை சொல்லாமல் சாப்பிட்டவர்

பிள்ளைகளே, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் டயட் சார்ட் எழுத என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் செல்போனைக் கேட்டால் என்னைவிட அழகாக எழுதித் தரும். கலர் கலராகப் படம்கூடப் போடும். பால் கூடாது, நெய் கூடாது, கறி முட்டை கூடாது, ஆனால் உடம்புக் கொழுப்பு கரைய வேண்டும் என்று கேளுங்கள், அதற்கும் ஒன்று வைத்திருக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள் அதைச் சாப்பிடுகிறாரா இல்லையா என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு புத்தூரில். ரேணிகுண்டா வழியாக ரயிலில் போய் வந்தே பாதி ஆயுள் போய்விட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களிடம் யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். சரிதான். இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் மட்டும் அந்த வாயை மூடி வைத்திருந்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அப்படியும் உங்களில் யாருக்காவது ஆளைத் தெரிந்துவிட்டால் தயவுசெய்து நீங்களும் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. முனிரத்தினம் என்று வைத்துக்கொள்வோம். புத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில் பால் சென்டர் நடத்துகிறவர். ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் கொண்டுவரும் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மிஷினில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. சொந்தத்தில் எருமைகளும் உண்டு. நல்ல ஆகிருதி. நாற்பதைத் தாண்டிய வயது.

அவருடைய அக்கா பத்மா, வெதுருகுப்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தது அந்த அம்மாள்தான். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். முனிரத்தினமும் பத்மாவின் மகள் ரேவதியைக் கட்டிக்கொண்டார். ஆக, பத்மா அவருக்கு அக்காவும் மாமியாரும். ரேவதிக்கு அவர் தாய்மாமாவும் புருஷனும். இந்த உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

பத்மாவுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. வேறு வைத்தியம் இல்லை, யாராவது சொந்தக்காரர் தன் ஈரலில் ஒரு பாகத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரேவதிக்கு ரத்த குரூப் சேரவில்லை. முனிரத்தினத்துக்குச் சேர்ந்தது. அவர் அன்றைக்கே வெட்டிக்கொள்ளச் சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவர் ஈரல் முழுக்கக் கொழுப்பு. இந்த ஈரலை எடுத்தால் கொடுக்கிறவருக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து. முதலில் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் தேதி தருகிறோம் என்றார்கள் அறுவை செய்யவிருந்த சென்னை டாக்டர்கள். அதுவரை பத்மா எங்கள் மருத்துவமனையில் மேல்மாடியில் படுத்திருந்தார். கரைக்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் நாள் புருஷனும் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார். காலையில் ஒரு செம்பு எருமைப்பால், ஆடையோடு. களிக்கு நெய். ஞாயிற்றுக்கிழமை கறி.

"எங்க வூட்ல தயிரு ஊத்துனா சோறு கண்ணுக்குத் தெரியக் கூடாது மேடம்" என்றார்.

நான் எடை மிஷினை அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. ஆண்பிள்ளைகள் வந்தால் சட்டையைத் தூக்கச் சொல்லி அரைஞாண் கயிற்றைப் பார்ப்பேன். இவருக்குக் கயிறே தெரியவில்லை, சதைக்குள் புதைந்திருந்தது. "இந்தக் கயிறு வெளிய வந்து இடுப்புக்கு எறங்கணும்பா. அன்னிக்கு உங்கக்காவுக்கு டேட் வாங்கித் தரேன்" என்றேன்.

ஆவணி கடைசி அது. புரட்டாசி பிறந்தால் அவர்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கறியும் முட்டையும் எப்படியும் இல்லை, அதோடு பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிடு, இதற்கு வீகன் என்று பெயர் என்றேன்.

"மோருமா மேடம்?"

ரேவதி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மாமா பாலுக்குள்ள பொறந்தவரு மேடம். பால் டீயக்கூட வுடமாட்டாரு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கக்காவுக்குத்தானே. வுட்டுர்றேன்" என்றார்.

கேழ்வரகுக் களி, கொள்ளு, பச்சைப்பயறு சுண்டல், கீரை, கண்ணில் காட்டும் அளவுக்கு எண்ணெய், கூடவே ஒரு மாத்திரை. எழுதிக் கொடுத்துவிட்டு, "பட்டினி மட்டும் கெடக்காத. வயிறு ரொம்பத் துன்னு. வெட்டி எடுத்த ஈரல் திரும்ப வளரணும், அதுக்குத் தெம்பு வோணும்" என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

முதல் சில வாரம் வந்தாலே புகார்தான். கொள்ளு சாப்பிட்டால் வயிறு கடாமுடா என்கிறது. மோர் இல்லாமல் களி தொண்டையில் நிற்கிறது. சுண்டலைப் பார்த்தாலே குமட்டுகிறது. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே ஒரு அம்மா இருந்தார், மகா சிடுமூஞ்சி. வார்டில் யாராவது சாப்பாட்டைத் திட்டினால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். பத்தியச் சாப்பாட்டைக் குறை சொல்லாத நோயாளி அதைச் சாப்பிடவில்லை என்பார். அவர் சொன்னதில் நான் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது இது ஒன்றைத்தான்.

புரட்டாசி பாதியில் முனிரத்தினத்தின் புகார் நின்றது. வயிறு மளமளவென்று இறங்கியது. கயிறு வெளியே வந்தது, தளர்ந்தது, இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், ஈரல் தேறிவிட்டது என்றார்கள். சென்னையிலிருந்து தேதி வந்தது. எங்கள் டாக்டர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார், எனக்கும் இரண்டு நல்ல வார்த்தை கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

பத்மாவுக்கு மட்டும் இல்லை. உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றிப் பேச மேலே போயிருந்தேன். மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பிக்கு இன்னா பண்ணீங்க மேடம்? மூஞ்சி வத்திப் போச்சே. நான் வளத்த புள்ள அது" என்றார். உங்களுக்காகத்தான் இளைக்கிறார் என்றேன். "எனுக்காவ அவன் காயக் கூடாது" என்றார்.

மறுநாள் முனிரத்தினம் என் அறைக்கு வந்தபோது நன்றாகப் பார்த்தேன். பால் கேனை ஒரு கையால் தூக்கி வண்டியில் வைக்கிற மனிதர், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். புஜத்தில் சதை இல்லை. கொழுப்பு கரைந்து முடிந்து உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்திருந்தது. பேசும்போது வாயில் கனிந்து கெட்ட பழத்தின் வாசனை வந்தது. பட்டினி கிடக்கிறவர்களுக்கு வரும் வாசனை அது.

"கொள்ளு எப்பிடிப்பா கீது?"

"நல்லா கீது மேடம்."

"களி?"

"நல்லா கீது."

"மோரு இல்லாம எறங்குதா?"

"நல்லா எறங்குது மேடம்."

"முனிரத்தினம், நெஜமா சொல்லு. துன்றியா இல்லியா?" என்றேன். துன்றேன் என்று சொல்லி, நான் எழுதிக் கொடுத்ததைக் காலை, மதியம், சாயங்காலம் என்று வரிசை பிசகாமல் ஒப்பித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அறுவையை நிறுத்தச் சொல்ல முடியாது. அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலை புத்தூர் ஸ்டேஷனில் ரேவதி நின்றிருந்தாள். நான் எந்த ரயிலில் போவேன் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பிளாட்பாரத்தின் கடைசிக்கு என்னை அழைத்துப் போனாள்.

"மாமா துன்றதில்ல மேடம்" என்றாள்.



"மொதோ சனிக்கெழம ஒருபொழுது இருந்தாரு. எப்பவும் இருக்கறதுதான், நானும் சும்மா வுட்டுட்டேன். அப்பறம் மலைக்கு வேண்டிக்கினாரு, சாமி படத்தாண்ட சொல்றது என் காதுல வுழுந்துச்சு. அக்கா பொழைக்கற வரைக்கும் சோறு தொடமாட்டேன்னு. தொளசித் தண்ணியும் பானகமுந்தான். நான் போடறத தட்டோட எடுத்துக்கினு மாட்டுக்கொட்டாய்க்குப் போறாரு, காத்தாட துன்றேன்றாரு. தொட்டியக் கழுவும்போது பாத்தா அடியில கொள்ளு கீது, களி கீது. உங்க டயட்ட எரும துன்னுது மேடம்."

இதை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் ஒருவர் எதை விட்டாலும், அது மலைமேல் இருக்கிற பெருமாளுக்குப் போய்விடும். நான் பாலை விடச் சொன்னேன். விட்டது பலிக்கிறது, அக்காவுக்கு வழி பிறக்கிறது என்று கண்ணால் பார்த்ததும், அவர் சோற்றையும் சேர்த்து விட்டுவிட்டார். பத்தியம் எப்போது பிரார்த்தனை ஆனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. மாதம் வேறு புரட்டாசி.

"நீ இத்த எங்கிட்ட சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். ஆப்ரேஷன தள்ளிப் போடுவாங்க."

"உங்கம்மா?"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ரயில் வரும் நேரம், சுற்றிலும் ஆள் நடமாட்டம். சத்தம் வராமல் அழுதாள். பிறகு சொன்னாள்: "அம்மா பொழைக்குமோ பொழைக்காதோ, யாருக்கும் தெரியாது. மாமா இப்பிடியே போயி மேஜமேல படுத்தா ரெண்டு பேரும் எனுக்கு இல்லாம பூடுவாங்க. என்னால ஆவாது மேடம். ஆனா நான் சொன்னேன்னு மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்த ஜென்மத்துல எம்மூஞ்சில முழிக்க மாட்டாரு."

ரேணிகுண்டா போகும்வரை நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்தேன். தர்மசங்கடம் என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். இதுதான். அறுவைக்கு முந்தின கடைசி ரத்தப் பரிசோதனையில் அவர் பட்டினி தெரியவரலாம், அதற்கு முதல் நாள் இரண்டு இளநீர் குடித்து அவர் அதையும் மறைத்துவிடலாம். நான் சும்மா இருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது, தேதி இருக்கிறது, மேலே ஒரு அம்மாள் காத்திருக்கிறாள். மகளே தாயை ஒரு தட்டிலும் புருஷனை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான், அவள் பெயரை வெளியே விடாமல் இருப்பது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரிடம் நேராகச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, ஆளைப் பார்த்தாலே தெரிகிறது, ரத்தத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். நிறுத்திவிட்டார்கள். உடம்பு தேறட்டும், சில வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது.

முனிரத்தினம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ரேவதி பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றாள்.

"யாரு மேடம் சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? உன் கையி சொல்லுது, உன் வாயி நாத்தம் சொல்லுது. இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல இதே வேல பண்றேன், எனுக்குத் தெரியாதா?"

"எங்கக்காவுக்கு எதுனா ஆச்சுன்னா உங்களத்தான் மேடம் கேப்பேன்."

"கேளுப்பா. இப்ப வந்து துன்னு."

அவரை வார்டில் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்தோம். முதலில் கஞ்சி, பிறகு பருப்பு, பிறகு களி. என்னை முறைத்துக்கொண்டே சாப்பிடுவார். ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டு, "துன்றேன் பாருங்க. நல்லா பாத்துக்கோங்க" என்பார். கண்ணில் தண்ணீர் தட்டில் விழும். ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் மேலே போய் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் மதியம் களியைப் பிட்டு வாயில் வைத்தவர் தட்டைத் தள்ளினார். "இன்னா மேடம் இது? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. மன்சன் துன்னுவானா இத்த?"

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவர் எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. அன்று சாயங்காலம் எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. புதுத் தேதி வந்தது.

அந்தத் தேதி வருவதற்குள் பத்மா போய்விட்டார். விடிந்ததும் ரத்தமாக வாந்தி எடுத்தாராம், நான் ரயிலிலிருந்து இறங்கி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மேல்மாடிப் படிக்கட்டில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய காலைச் சாப்பாட்டுத் தட்டு, காலியாக. அதைத் துடைத்துத் தின்றுவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறார். ரேவதி உள்ளே தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கும் அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

முதல் தேதியிலேயே செய்திருந்தால் பத்மா பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். முனிரத்தினம் மேஜையிலிருந்து எழுந்திருப்பாரா என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். இன்னொரு தடவை அப்படி ஒரு காலை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். அது எனக்கு எந்த ஆறுதலையும் கொடுக்கவில்லை, உங்களுக்கும் கொடுக்காது. சரியாகச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கருமாதி முடிந்து, மொட்டைத் தலையோடு முனிரத்தினம் தனியாக வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார்.

"யாரு மேடம் சொன்னது?" மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்.

"யாரும் சொல்லலப்பா. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"தொட்டியக் கழுவறது அவதான் மேடம்" என்றார். "எனுக்குத் தெரியாதா?"



"பின்ன எதுக்குப்பா கேக்கற?"

"நீங்க அவ பேர சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லல. அப்பிடியே இருக்கட்டும் மேடம். அவகிட்டயும் எனுக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. பெத்தவள வுட்டுட்டு என்னப் புடிச்சி வெச்சிக்கினா. அது எனுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. எங்கக்கா பொண்ணு மேடம் அவ. அக்காவுக்குன்னு என்கிட்ட மிச்சம் கீறது அவ ஒருத்திதான்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அப்போது வராந்தாவுக்கு ஓடவில்லை.

ஆக, பிள்ளைகளே, யார் சொன்னது என்று கேட்டால் நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லுங்கள். கோபம் உங்கள் மேல் விழட்டும். வீட்டுக்குப் போய் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். நாம் ரயிலேறி நம் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இப்போதும் புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் எப்போதாவது அவர்களைப் பார்க்கிறேன். எனக்குப் பால் டீ சொல்வார். அவருக்கு வெறும் டீதான், சென்டரில் தினமும் அவ்வளவு பாலை அளந்தும் அவர் இன்னும் பாலைத் தொடவில்லை. பத்மாவைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசுவதில்லை. ஆனால் டீ வருவதற்குள், ஒவ்வொரு தடவையும், என்னைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்வார்: "அன்னிக்கு நீங்க கண்டுபிடிக்கலன்னா நான் இன்னிக்கு இல்ல மேடம். கோவத்துல உங்களத் திட்டிட்டேன். நீங்க பண்ணதுதான் சரி."

கொஞ்சம் உரக்கவே சொல்வார், பக்கத்தில் நிற்கிற ரேவதிக்குக் கேட்கிற மாதிரி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் "ஆமாம்பா" என்று சொல்லி டீயை வாங்கிக்கொள்வேன்.